மலைச்சரிவும் அதிர்வுமானியும்

பெரியாறு ஆலுவாயை அடைந்ததும் இரு கிளையாகப் பிரிந்து கடலை நோக்கிச் செல்கிறது. அந்த நீர்வழிகள் சூழ அமைந்த ஊர் ஏலூர். ஆனி பிறந்து தென்மேற்குப் பருவமழை வலுத்ததும் இங்கே ஆற்று நீர் செம்மண் நிறம் கொள்ளும். கரையில் நிற்போர், "மேலே மலையில் நல்ல மழை" என்று கூறிக்கொள்வர். அச்செம்மண் நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தது. மூணாற்றுப் பக்கத்து மலைகளிலே கரைந்து, முதிரைப்புழையில் இறங்கி, பெரியாற்றில் கலந்து, ஏலூர்க் கரையைத் தொட்டுக் கடலுக்குச் செல்வது அது.

இவ்வாற்றின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் தமிழர் வாழ்கின்றனர் என்பது நம்மிற் பலர் எண்ணிப் பாராத செய்தி. மலைமேல், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளி வாழ்பவர்கள் தமிழர். கீழே ஏலூரில், திருச்சிராப்பள்ளிச் சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் 1943ஆம் ஆண்டு தோன்றி, 1947இல் உற்பத்தியைத் தொடங்கிய உரத் தொழிற்சாலையையும், அதனைச் சூழ வளர்ந்த பிற ஆலைகளையும் நாடி வந்தவர்களிலும் தமிழர் உண்டு. ஆகவே மலைமேல் நிகழும் துன்பம் கீழே இருப்பவருக்கும் அயலார் துன்பம் ஆகாது. அத்துன்பங்களுள் கொடியது மலைச்சரிவு. மலையாளத்தில் இதனை 'உருள்பொட்டல்' என்பர். அங்குள்ள தமிழரும் அச்சொல்லையே வழங்குவதுண்டு. நிலத்தின் அதிர்வைக் கேட்கும் கருவிகள் இம்மலைச்சரிவை ஆராயவும் கண்காணிக்கவும் எவ்வாறு பயன்பட்டு வந்துள்ளன என்ற வரலாற்றையே இங்குக் காண எண்ணுகிறோம்.

முதலில் 1924ஆம் ஆண்டிற்குச் செல்வோம். கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று கேரள மக்கள் இன்றும் பேசும் பெருவெள்ளம் அவ்வாண்டு ஜூலை மாதத்தில் வந்தது. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து சென்ற சிறிய இருப்புப்பாதை அவ்வெள்ளத்தில் அழிந்தது. மீண்டும் அது போடப்படவேயில்லை. ஆலுவாயிலிருந்து காட்டின் ஊடே மூணாற்றுக்குச் சென்ற பழைய சாலை, கரிந்திரி மலை சரிந்ததனால் துண்டிக்கப்பட்டது. அச்சாலைக்கு மாற்றாக நேரியமங்கலம் வழியாக அமைந்த புதிய சாலை 1935ஆம் ஆண்டில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு மலை விழுந்தது. ஒரு நாட்டின் போக்குவரத்து வழியே மாறிற்று.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு வடக்கே ராஜமலைப் பகுதியிலுள்ள பெட்டிமுடியில் மலை மீண்டும் சரிந்தது. அந்த ஒரு நாளில் மட்டும் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் நான்கும் சேற்றிலும் பாறையிலும் புதைந்தன. மாண்டோர் 70 பேர். அவர்களுட் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்த அவ்விரவில், இப்பேரிடர்ச் செய்தி மூணாற்றையே எட்டவில்லை. மறுநாட் காலையில்தான் வெளியுலகம் அறிந்தது.

மலை விழுந்தபோது நிலம் அதிர்ந்தது. அந்த அதிர்வு ஒரு நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் பாறையின் வழியே நாற்றிசையும் பரவிற்று. மனிதர் அனுப்பும் செய்தி ஓர் இரவு முழுவதும் தங்கிவிட்டது. மலை அனுப்பிய செய்தியோ சில நொடிகளிற் பரவி மறைந்தது. அதனைக் கேட்டு உடனே எச்சரிக்கும் ஏற்பாடு ஒன்று அப்பள்ளத்தாக்கில் இருந்திருக்கலாகாதா என்ற கேள்வி எழுகிறது. இதற்கு விடை காண, அதிர்வுமானியின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அசாமில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. அதற்குப் பின், ஜான் மில்ன் என்னும் ஆங்கிலேய அறிஞர் வகுத்த அதிர்வுமானிகள் இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், கொடைக்கானல் ஆகிய மூன்றிடங்களில் நிறுவப்பட்டன. கொடைக்கானல் வான் ஆய்வுக்கூடத்தில் 1899ஆம் ஆண்டு முதல் அக்கருவி வேலை செய்தது. கொடைக்கானலுக்கும் மூணாற்றுக்கும் நேர்க்கோட்டில் 50 கிலோமீட்டர்தான் இருக்கும். அத்துணை அருகில் கருவி இருந்தும், மலைச்சரிவை ஆராய அது ஏற்றதன்று. தொலைநாட்டுப் பெரும் பூகம்பங்களைப் பதிவு செய்வதே அதன் நோக்கம். மெல்ல நகரும் தாளில் சிறு நடுக்கங்களைப் பிரித்தறிதல் அரிது. தூரத்து இடியைக் கேட்கும் காதுக்குப் பக்கத்துவீட்டு முனகல் கேட்கவில்லை எனலாம்.

அசாம் பூகம்பத்தை ஆராய்ந்தவர் இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஆர். டி. ஓல்ட்ஹாம். பூகம்ப அலைகளில் முதலில் வருவது ஒன்று, பின்னர் வருவது மற்றொன்று என வகைப்படுத்தியவர் இவரே; 1906இல் புவியின் நடுவே ஒரு தனிக் கருவம் உண்டென்று அலைகளைக்கொண்டே காட்டியவரும் இவரே. பின்னாளில் ஒரு மலைச்சரிவு இவரை விவாதத்தில் இறக்கியது. 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், பாமீர் மலைகளில் ஒரு பெரும் மலைப்பகுதி சரிந்து உசோய் என்னும் சிற்றூரைப் புதைத்தது, ஆற்றையும் மறித்தது. மறித்த நீர் சாரெஸ் ஏரியாக இன்றும் நிற்கிறது. அதே நாளில் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களின் அதிர்வுமானிகள் ஒரு பூகம்பத்தைப் பதிவு செய்தன. மலை விழுந்ததால் நிலம் அதிர்ந்ததா? நிலம் அதிர்ந்ததால் மலை விழுந்ததா? ருஷ்ய அறிஞர் போரிஸ் கலீட்சின், விழுந்த மலையின் ஆற்றலையும் அலைகளின் ஆற்றலையும் கணக்கிட்டு, மலை விழுந்ததே பூகம்பத்திற்குக் காரணம் என 1915இல் எழுதினார். பூகம்பமே முன்னது, சரிவு அதன் விளைவு என்று ஓல்ட்ஹாம் 1923இல் மறுத்துரைத்தார். பிற்கால ஆராய்ச்சிகள் ஓல்ட்ஹாமின் பக்கமே நின்றன. எனினும் கலீட்சின் எழுப்பிய வினா வீண்போகவில்லை. மலை விழும்போது எழுதும் கையெழுத்தைத் தனியே படிக்கலாம் என்ற எண்ணத்துக்கு அதுவே வித்தாயிற்று.

மலை விழுந்தபின் கேட்பது ஒரு துறை. விழுமுன் மலையின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது இன்னொரு துறை. இத்துறையின் தொடக்கத்தை 1849ஆம் ஆண்டில் காணலாம். அயர்லாந்தில் டப்ளின் நகருக்கு அருகே கில்லைனிக் கடற்கரை மணலில், இராபர்ட் மாலெட் என்னும் பொறியியலாளர் வெடிமருந்தைப் புதைத்து வெடிக்கச் செய்தார். தொலைவில் ஒரு கலத்தில் பாதரசத்தை வைத்து, அதன் மேற்பரப்பு நடுங்கும் கணத்தை நோக்கி, அதிர்வு வந்து சேரும் வேகத்தை அளந்தார். மணலில் மெதுவாகவும் கருங்கல்லில் விரைவாகவும் அதிர்வு செல்வதை அவர் கண்டார்.

இந்த ஓர் உண்மையைப் பற்றிக்கொண்டே இன்றைய மலைச்சரிவு ஆய்வு நடக்கிறது. தளர்ந்த மண்ணில் அதிர்வு நொடிக்குச் சில நூறு மீட்டர் செல்லும். உறுதியான பாறையில் ஏறத்தாழ 5,000 மீட்டர் செல்லும். சரிவான நிலத்தில் ஒரு நேர்க்கோட்டில் 'ஜியோபோன்' என்னும் சிறு கருவிகளை ஊன்றுவர். உள்ளங்கையில் அடங்கும் அக்கருவியினுள் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் உண்டு. நிலம் அசையும்போது மின்னோட்டம் பிறக்கும். கோட்டின் ஒரு முனையில் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். அடியின் அதிர்வு ஒவ்வொரு கருவியையும் எப்போது அடைகிறது என்பதைக் கணக்கிட்டால், மேலே எத்தனை மீட்டர் மண், கீழே எந்த ஆழத்தில் பாறை, இடையே நீர் ஊறிய தளர்ந்த அடுக்கு உண்டா என்பவையெல்லாம் தெரியவரும். மருத்துவர் நோயாளியின் முதுகில் விரலால் தட்டி நெஞ்சுச்சளியை அறிவது போன்றது இது. பாறைமேல் படுத்திருக்கும் மண்ணே பெரும்பாலும் வழுக்கி இறங்குவதால், அம்மண்ணின் ஆழத்தை அறிவது மிக இன்றியமையாதது.

அறிந்தால் மட்டும் போதுமா? இத்தாலி நாட்டில் நிகழ்ந்த ஒன்று இதற்கு விடை கூறும். வாயோன்ட் என்னுமிடத்தில் ஓங்கிய அணை ஒன்றைக் கட்டினர். அதன் நீர்த்தேக்கத்தை ஒட்டியிருந்த டோக் மலையை, பியத்ரோ கலோய் என்னும் அறிஞர் 1959இல் அதிர்வலைகளால் ஆராய்ந்தபோது, உள்ளே உறுதியான பாறை இருப்பதாகத் தோன்றிற்று. நீர் தேங்கத் தொடங்கியபின் 1960இல் மீண்டும் ஆராய்ந்தார். அலைகளின் வேகம் பெரிதும் குறைந்திருந்தது. முன்பு உறுதியாக இருந்த பாறை வெகு ஆழம் வரை நொறுங்கித் தளர்ந்துவிட்டதை அது காட்டிற்று. மலை தன் நோயைச் சொல்லிவிட்டது. ஆயினும் நீரைத் தேக்குவதும் இறக்குவதுமாக வேலை தொடர்ந்தது. 1963ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் இரவு, ஏறத்தாழ 27 கோடி கன மீட்டர் மலை ஒருங்கே நீர்த்தேக்கத்தினுள் வீழ்ந்தது. எழுந்த அலை அணையைத் தாண்டிக் கீழேயிருந்த லோங்கரோனே நகரை அழித்தது. இறந்தோர் ஏறத்தாழ 2,000 பேர். அணை மட்டும் இன்றும் உடையாமல் நிற்கிறது.

அதன்பின் கருவிகள் கூர்மை பெற்றன. உலகெங்கும் உள்ள அதிர்வுமானிகளின் பதிவுகளைக்கொண்டு, எவரும் காணாத மலையில் எப்போது, எவ்வளவு பாறை, எந்தத் திசையில் விழுந்தது என்று கணக்கிடும் முறையை எக்ஸ்ட்ரோம், ஸ்டார்க் என்னும் அறிஞர் இருவர் 2013இல் வெளியிட்டனர். நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் உத்தரகண்டின் சமோலி மாவட்டத்தில் பாறையும் பனியும் சரிந்து, வெள்ளமாகி, 200 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அச்சரிவின் அதிர்வை வட்டாரத்து அதிர்வுமானிகள் தெளிவாகப் பதிவு செய்திருந்தன. அப்பதிவுகளை நிகழும்போதே படிக்கும் ஏற்பாடு இருந்திருப்பின், ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருந்தோர்க்குச் சில நிமிட அவகாசம் கிடைத்திருக்கும் என்று பின்னர் ஆராய்ந்தோர் எழுதினர்.

சம்மட்டியும் வெடிமருந்தும் இல்லாமலே மலையின் உடல்நலத்தை அறியும் முறையும் இன்று வந்துவிட்டது. காற்று, கடலலை, சாலையில் ஓடும் வண்டி ஆகியவற்றால் நிலம் எப்போதும் மெல்ல முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு கருவிகளை மலையில் வைத்து, அம்முணுமுணுப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வேகத்தை நாள்தோறும் ஒப்பிட்டு வருவர். சுவிட்சர்லாந்தின் போன் பூர்க்கேன் என்னும் சரிவில், 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மண் பாய்ந்தோடுவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே இவ்வேகம் 7 விழுக்காடு குறைந்ததை ஆய்வாளர் கண்டனர். களிமண் நீர் பருகி உறுதி இழக்கும்போது அலை தளர்ந்து நடக்கிறது. அந்தத் தளர்ச்சியே முன்னறிவிப்பாகிறது.

இனி மூணாற்றுக்கே திரும்புவோம். அங்கே அந்தோணியார் காலனி என்னும் குடியிருப்பில் 2005ஆம் ஆண்டு ஜூலையில் மலைச்சரிவு ஏற்பட்டு உயிர்ச்சேதம் நிகழ்ந்தது. அவ்விடத்திலேயே அமிர்த விசுவ வித்யாபீடத்தின் ஆய்வாளர் 2009ஆம் ஆண்டளவில் ஒரு கண்காணிப்பு அமைப்பை நிறுவினர். மலையில் துளையிட்டு, மழைமானி, மண் ஈரமானி, மண்ணினுள் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவி, நிலத்தின் சாய்வை அளக்கும் கருவி, இவற்றோடு ஜியோபோன்களையும் பொருத்தினர். கம்பியில்லாத் தொடர்பு வாயிலாகவும் செயற்கைக்கோள் வாயிலாகவும் செய்தி கொல்லம் மாவட்டத்திலுள்ள அமிர்தபுரிக்குச் செல்லும். அவ்வாண்டு மழைக்காலத்திலேயே மண்ணினுள் நீரழுத்தம் உயர்வதைக் கருவிகள் காட்ட, எச்சரிக்கை விடுக்கப்பட்டது. இந்தியாவில் மலைச்சரிவைக் கேட்கக் கருவிகளை இவ்வாறு வலையாகப் பின்னிய முன்னோடி முயற்சிகளுள் இது ஒன்று. இதனருகே, அதே மலைத்தொடரில்தான் பெட்டிமுடி இருந்தது. அங்கே அத்தகைய காது ஒன்றும் இல்லை.

நாம் இங்கே நேர்மையாகக் கணக்குப் பார்க்க வேண்டும். சேறும் பாறையும் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் உருண்டு வருவதாகக் கொள்வோம். மூன்று கிலோமீட்டர் கீழே உள்ள வீட்டை அடைய அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். மேலே வைத்த கருவியோ அடுத்த நொடியே அதிர்வை உணரும். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு குடும்பம் ஓடைக்கரையை விட்டு மேட்டுக்கு ஏறிவிடலாம். சுவிட்சர்லாந்தின் இல்கிராபென் பள்ளத்தாக்கில் ஜியோபோன்கள் இவ்வகையில்தான் எச்சரிக்கை தருகின்றன. 2024ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்து 250க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன சரிவு, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளம் ஓடிற்று. அத்தகைய நீண்ட ஓட்டத்தில் கீழ்ப்புறத்தார்க்கு நிமிடங்கள் உண்டு. பெட்டிமுடியிலோ லயங்கள் சரிவின் அடியிலேயே இருந்தன. அங்கே விழும் ஓசையைக் கேட்டு ஓட நேரம் இராது. முன்னதாகவே நீரழுத்தத்தையும் மண்ணின் தளர்ச்சியையும் அறிந்து, மாலையிலேயே மக்களை அகற்றியிருக்க வேண்டும். அது இயலாதுபோனாலும், அதிர்வைக் கேட்ட கருவி மூணாற்றில் ஒரு மணியை அடித்திருந்தால், மீட்போர் விடியும்வரை அறியாதிருக்கும் நிலை நேர்ந்திராது.

கருவிக்கும் குறைகள் உண்டு. லாரி சென்றாலும், யானை நடந்தாலும், அருவி பெருகினாலும் ஜியோபோன் அதிர்வு காட்டும்; அவற்றிலிருந்து மலையின் குரலைப் பிரித்தெடுத்தல் எளிதன்று. பொய் எச்சரிக்கை இரண்டு முறை வந்தால் மூன்றாம் முறை எவரும் வீட்டைவிட்டு எழமாட்டார். கொட்டும் மழையில் மேல்மண் மட்டும் சட்டென வழுக்கும் சரிவுகள் முன்னறிகுறியை அதிகம் காட்டுவதில்லை. எல்லா மலைக்கும் கருவி வைக்கப் பொருளும் போதாது. ஆகவே அதிர்வுமானி தனித்து நின்று காக்காது. மழைமானி, நிலத்தின் வரைபடம், செயற்கைக்கோள் படம் ஆகியவற்றோடு சேர்ந்தே அது பயன் தரும். சுவிட்சர்லாந்தில் பிளாட்டன் என்னும் சிற்றூரைப் பனியும் பாறையும் 2025ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் மூடியபோது, ஊரார் ஏறத்தாழ 300 பேர் ஒன்பது நாள் முன்னதாகவே வெளியேற்றப்பட்டிருந்தனர். பல கருவிகள் ஒருசேரக் கண்காணித்தன. அதிகாரிகள் அவற்றின் சொல்லைக் கேட்டனர். மக்கள் அதிகாரிகளின் சொல்லைக் கேட்டனர். ஊர் அழிந்தது, ஊரார் பிழைத்தனர்.

இந்தக் கேட்கும் சங்கிலியில் நம்மவர் பக்கம்தான் கண்ணி அறுகிறது. இலங்கையின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் தேயிலைத் தோட்டத் தமிழரின் லயங்களை மலை புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என்று அந்நாட்டு ஆய்வு நிறுவனம் 2005இலும் 2011இலும் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். மாற்று வீடும் நிலமும் இல்லாதவனிடம் 'எழுந்து போ' என்றால் எங்கே போவான்? ஆகவே மலையைக் கேட்கும் கருவியோடு, மலைச்சரிவுக்கு அப்பால் ஒரு வீடும் கொடுக்கப்பட வேண்டும். எச்சரிக்கை அவன் மொழியிலும் வர வேண்டும். அயல்மாநிலத்தில் உழைக்கும் தமிழன், ஆபத்து வேளையில் அயல்மொழி அறிவிப்பைப் பொருள் கண்டு கொண்டிருக்க நேரம் இராது.

கருவி வரும்வரை நம் கண்ணும் காதும் கருவியாகட்டும். சரிவில் புதிய விரிசல் தோன்றுதல், மரமும் மின்கம்பமும் சாய்தல், கதவு சட்டத்தில் இறுகுதல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல், மழை பெய்துகொண்டிருக்கையில் ஓடைநீர் குறைதல், மண்ணுக்குள் உறுமல் ஓசை கேட்டல் ஆகியவை மலை சொல்லும் செய்திகள். இவற்றைக் கண்டவர் விடியட்டும் என்று காத்திராமல் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு உயர்ந்த, உறுதியான இடத்திற்குச் செல்லுதல் நலம்.

ஏலூர்க் கரையில் ஆற்றுநீர் செந்நிறம் கொள்ளும் நாளில் நாம் ஒன்று செய்யலாம். மலைமேல் நமக்கு உறவினர் இருப்பின், அன்றிரவே ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்து, "மழை எப்படி? ஓடை எப்படி? இன்றிரவு எங்கே படுக்கிறீர்கள்?" என்று கேட்கலாம். பெட்டிமுடியில் மலை அனுப்பிய செய்தியை அன்றிரவு கேட்க ஒருவரும் இல்லை. இனி ஒரு மலை பேசும்போது, கேட்பதற்கு ஒரு கருவியும், கேட்டதை எடுத்துச் சொல்ல ஒரு தமிழ்க் குரலும் அங்கே இருத்தல் வேண்டும்.